எண்ணெய்க் கழிவுநீருக்குப் பரப்பு மாற்றிய ரெசின்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

கேள்வி இது. எண்ணெய் கலந்த கழிவுநீர் பிரிப்புத் தொட்டியையும் அடுத்துள்ள காற்று மிதப்பு அலகையும் (காற்றுக் குமிழால் எண்ணெயை மேலே தூக்கும் தொட்டி) தாண்டி வந்த பிறகும் லிட்டருக்கு 40 மில்லிகிராம் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. அதை 10-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பரப்பு மாற்றிய ரெசின் (எண்ணெய் ஒட்டும்படி மேல்பரப்பை மாற்றிய சின்னப் பிளாஸ்டிக் மணிகள்) போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு நாள் தாங்கும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: சரியான நீருக்குப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதை எண்ணெயை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும் பொருளாக நினைத்து அளவு போடாதீர்கள். அதன் உண்மையான வேலை சின்னத் துளிகளைப் பிடித்து, ஒன்றோடொன்று சேர்த்து, தானே மிதக்கும் அளவுக்குப் பெரிதாக்கி வெளியே அனுப்புவது. ஒரு கிராம் ரெசின் எத்தனை கிராம் எண்ணெய் பிடிக்கும் என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். உங்களுக்கு அந்த எண்ணால் பெரிய உபயோகம் இல்லை. ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

அதற்கு முன்னால், அந்த 40 மில்லிகிராம் எந்த உருவத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் எல்லாவற்றையும் எண்ணெய் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளி ஒரு மாதிரி நடந்துகொள்ளும், 20 முதல் 150 மைக்ரான் வரை உள்ளது வேறு மாதிரி. 20 மைக்ரானுக்குக் கீழே போனால் பால் போலக் கலங்கி நிற்கும் பால்மம். கடைசியில், நீரில் கரைந்தே போனது. ஸ்டோக்ஸ் விதிப்படி துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 0.85 கிலோ என்றால், 150 மைக்ரான் துளி 1 மீட்டர் ஏற ஏறக்குறைய 9 நிமிடம் போதும். அதே தூரத்தை 10 மைக்ரான் துளி ஏற ஒன்றரை நாள் ஆகும். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் முறைப்படி கட்டும் பிரிப்புத் தொட்டிகள் 150 மைக்ரான் துளியைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. அதைத் தாண்டி, காற்று மிதப்பையும் தாண்டி உங்களிடம் வருவது பெரும்பாலும் 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள துளிகளும் கரைந்த பகுதியும்தான். இதில் துளிகள்தான் ரெசினின் களம்.

கரைந்த பகுதியைப் பற்றி உடனே சொல்லிவிடலாம். பென்சீன் ஒரு லிட்டர் நீரில் 1.8 கிராம் வரை கரையும், டொலுயீன் அரை கிராம் அளவுக்கு. இவை துளியாக இல்லாததால் துளி சேர்க்கும் ரெசின் இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவற்றுக்கு உள்ளே நுண்துளைகள் நிறைந்த, கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர் பரப்புள்ள பாலிஸ்டைரீன் ரெசின் வேண்டும். அல்லது நுண்துளைப் பாலிமர் மணிக்குள் பிரித்தெடுக்கும் திரவத்தை அடைத்துவைத்து, இரண்டு தூண்களில் மாற்றி மாற்றி ஓட்டி, குறைந்த அழுத்த நீராவியால் சுத்தம் செய்யும் முறை வேண்டும். அது தனிப் பாடம். உங்கள் எண்ணெயில் பெட்ரோல், நாப்தா போன்ற லேசான வகை அதிகம் என்றால் முதலில் அங்கே போங்கள்.

இப்போது ரெசின் மணிக்கு வருவோம். அடிப்படைப் பொருள் நீர் மென்மையாக்கும் இயந்திரங்களில் இருக்கும் அதே வகைதான்: பாலிஸ்டைரீனை டைவினைல்பென்சீனால் குறுக்கே கட்டி உருட்டிய, 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள மணிகள். நீர் மென்மையாக்கும் ஆலையில் எண்ணெய் வந்துவிட்டால் பெரிய தலைவலி. மணிகள் மேல் எண்ணெய் பூசி, அவை கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, பேக்வாஷ் (நீரை மேல்நோக்கி விட்டுக் கழுவுதல்) செய்யும்போது மிதந்து வெளியே போய்விடும். அங்கே கெடுதியாக இருக்கும் அந்தப் பூச்சுதான் இங்கே நமக்கு வேண்டியது. அதை வேண்டுமென்றே, சீராக, கட்டுப்பாட்டோடு நடக்க வைப்பதற்குத்தான் பரப்பை மாற்றுகிறோம்.

சல்ஃபோனிக் தொகுதி (எதிர்மின் ஏற்றமுள்ள அணுக்கூட்டம்) உள்ள மணி தன்னளவில் நீர் விரும்பி. அதன் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்கும், எண்ணெய்த் துளி வந்து மோதினாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த மணியை நீண்ட கார்பன் வால் உள்ள நேர்மின் சர்ஃபாக்டன்ட் (சோப்பு போலத் தலை நீரையும் வால் எண்ணெயையும் விரும்பும் மூலக்கூறு) கரைசலில், உதாரணமாக சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு கரைசலில், ஊறவைத்தால் அயனிப் பரிமாற்றம் நடக்கிறது, அதாவது மணியில் இருந்த அயனியின் இடத்தில் சர்ஃபாக்டன்ட் வந்து உட்கார்கிறது. நேர்மின் தலை சல்ஃபோனேட்டைப் பிடித்துக்கொள்ளும், 16 கார்பன் நீளமுள்ள வால் சீப்பின் பற்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீர் அந்த வால்களை நனைக்காது, எண்ணெய் நனைக்கும். மோதும் துளி ஒட்டி, தட்டையாகப் பரவும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகள், இடைவெளி சேர்க்காமல், ஒரு லிட்டர் எடுத்தால் அவற்றின் வெளிப்பரப்பு 10 சதுர மீட்டர். ஒரு சர்ஃபாக்டன்ட் மூலக்கூறு அரை சதுர நானோமீட்டர் இடம் அடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணியை வழவழப்பான உருண்டையாகக் கொண்டால், வெளிப்பரப்பை ஓரடுக்காக மூட ஒரு லிட்டர் மணிக்கு 0.03 மில்லிமோல் போதும். அந்த ரெசினின் மொத்தப் பரிமாற்றத் திறனோ லிட்டருக்கு ஏறக்குறைய 2 மோல். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மாற வேண்டியதில்லை. மணியின் நிஜமான பரப்பு கரடுமுரடானது, சர்ஃபாக்டன்ட் கொஞ்சம் உள்ளேயும் இறங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிட அதிகம் செலவாகும். ஆனாலும் மணியின் உட்பகுதி அப்படியே இருக்க, தோல் மட்டும் மாறுகிறது என்பதுதான் இதன் அழகு.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. நிறையப் போட்டால் நல்லது என்று சர்ஃபாக்டன்ட்டைக் கூட்டினால் காரியம் கெடும். கரைசலின் செறிவு மைசெல் எனும் சிறு மூலக்கூறு உருண்டைகள் உருவாகும் எல்லையைத் தாண்டும்போது (மேலே சொன்ன பொருளுக்கு அது லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்குச் சற்றுக் கீழே) முதல் அடுக்கின் வால்களோடு இரண்டாவது அடுக்கின் வால்கள் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் அடுக்கின் தலைகள் வெளியே பார்க்கும். பரப்பு மறுபடியும் நீர் விரும்பியாகிவிடும், இந்த முறை நேர்மின் ஏற்றத்தோடு. பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த இரண்டாம் அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நீரோடு போகும். அதனால் ஊறவைத்த பிறகு நன்றாகக் கழுவியிருக்கிறார்களா என்று கேட்பது அவசியமான கேள்வி.

அயனிப் பிடிப்பில் நிற்கும் வாலுக்கு இன்னொரு பலவீனம் உப்பு. கழிவுநீரில் சோடியம் அதிகமாக இருந்தால் அது சர்ஃபாக்டன்ட்டைத் தள்ளிவிடப் பார்க்கும். வால்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஒரு வால் உள்ளதைவிட இரண்டு வால் உள்ள மூலக்கூறு இன்னும் உறுதியாக நிற்கும். ஆனால் எண்ணெய்க் கிணற்று நீர் போல உப்பு மிகுந்த நீருக்கு, வாலை இரசாயனப் பிணைப்பால் மணியோடு கட்டிய ரெசின்தான் சரி: குளோரோமெத்தில் தொகுதி உள்ள பாலிஸ்டைரீனோடு நீண்ட வால் உள்ள மூன்றாம் நிலை அமீனை வினைபுரிய வைத்துச் செய்வது. விலை கூடும். ஆனால் கழலாது. கழன்று போகும் நீண்ட வால் அம்மோனியம் உப்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அடுத்த கட்டத்தில் உயிரியல் சுத்திகரிப்பு இருந்தால் அங்கே உள்ள நுண்ணுயிரிகளையும் அடிக்கும். எண்ணெயை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து அனுப்புவதில் ஒரு பொருளும் இல்லை.

மின் ஏற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. நடுநிலை பிஹெச் உள்ள நீரில் எண்ணெய்த் துளிகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. அதனால்தான் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் கலங்கி நிற்கின்றன. மாற்றம் செய்யாத சல்ஃபோனிக் மணியும் எதிர்மின் என்பதால் துளியை நெருங்கவிடாது. அம்மோனியம் தொகுதியைப் பிணைத்த மணி நேர்மின் என்பதால் இழுக்கும். நீரில் உப்பு இருந்தால் இந்தத் தள்ளலும் இழுப்பும் இரண்டுமே குறைந்துவிடும். ஆகவே உப்பு ஒரு பக்கம் துளிகள் சேர உதவுகிறது, இன்னொரு பக்கம் பிணைக்காத வாலைக் கழற்றுகிறது. உங்கள் நீரின் உப்பளவு தெரியாமல் எந்த வகை ரெசின் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, உறிஞ்சும் திறன் ஏன் உதவாது என்ற கணக்கு. ஒரு நாளைக்கு 100 கன மீட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 10 ஆக்க, தினமும் 3 கிலோ எண்ணெய் பிடிபட வேண்டும். அது மூன்றரை லிட்டர். ஒரு கன மீட்டர் ரெசின் படுகையில், இடைவெளி போக 60 சதவீதமே மணி என்பதால், மணிகளின் மொத்த வெளிப்பரப்பு ஏறக்குறைய 6000 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மைக்ரான் தடிமனுக்கு எண்ணெய் படிந்தால் 6 லிட்டர். அதாவது இரண்டு நாளுக்குள் எல்லா மணியும் பூசப்பட்டுவிடும். மணிகளுக்கு இடையே உள்ள 40 சதவீத வெற்றிடத்தில் பத்தில் ஒரு பங்கை எண்ணெய் நிரப்பினாலும் 40 லிட்டர்தான், பதினோரு நாள் சரக்கு. அப்புறம்? உள்ளே வருகிற அளவு வெளியே போயாக வேண்டும். சின்னத் துளியாக வந்தது பெரிய துளியாகப் போகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. பெரிதாகப் போனால் படுகைக்கு மேலே உள்ள அமைதியான இடத்தில் மிதந்து சேரும், வழித்து எடுத்துவிடலாம். ரெசின் மாதக்கணக்கில் ஓடும். அந்த இடத்தைக் கட்டாமல் வெறும் தூணை மட்டும் வாங்கியவர்கள், சில நாளில் ரெசின் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ரெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர்ந்த எண்ணெய் பிரிய இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்ப்பது சுலபம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் அரை மீட்டர் உயரத்துக்கு ரெசினை அடைத்து, உங்கள் சொந்தக் கழிவுநீரைக் கீழிருந்து மேலே மெதுவாக ஓட்டுங்கள். மணிகள் கீழே இருந்து நிறம் மாறத் தொடங்கும். அந்த நிறக்கோடு மேலே ஏறும். அது உச்சியைத் தொடும் வரை வெளியே வரும் நீர் தெளிவாக இருக்கும், எல்லா ரெசினும் நல்ல ரெசினாகவே தெரியும். பெரும்பாலான விற்பனைச் சோதனைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. நீங்கள் நிறுத்தாதீர்கள். கோடு உச்சியைத் தொட்ட பிறகுதான் உண்மை தெரியும். நல்ல ரெசின் என்றால் மேல் மணிகளின் இடையே எண்ணெய் சொட்டுகள் முளைத்து, சில மில்லிமீட்டர் வரை வளர்ந்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போய் மிதக்கும். இடையில் உள்ள நீர் தெளிவாகவே இருக்கும். நீர் மறுபடி பால்போலக் கலங்கினால் அந்த ரெசின் உங்கள் நீருக்கு ஆகாது, அல்லது ஓட்டம் அதிகம். வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். வேகம் கூடினால் வெளியேறும் முனையில் எண்ணெய்ப் படலம் பிய்ந்து மறுபடி சிறு துளியாகும்.

சோதனைக்குக் கட்டாயம் உங்கள் நீரையே பயன்படுத்துங்கள். சுத்தமான டீசலைக் குடிநீரில் குலுக்கி ஊற்றிக் காட்டும் சோதனையில் தோற்கும் ரெசினை நான் பார்த்ததில்லை. நிஜக் கழிவுநீரில் சோப்பு, சர்ஃபாக்டன்ட், இரும்புத் துரு, சேறு எல்லாம் இருக்கும். கப்பல்களின் அடித்தள நீருக்கு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரம்பு வைத்திருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2003-இல் பிரிப்பான்களுக்கான சோதனை விதிகளைப் புதுப்பித்தபோது, சோதனைக்கான பால்மத்தில் சர்ஃபாக்டன்ட்டையும் இரும்பு ஆக்சைடையும் சேர்க்கச் சொன்னது. வெறும் எண்ணெயில் தேறிய கருவிகள் கடலில் தடுமாறின என்பதே காரணம். அதே கண்டிப்பை நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

கழிவுநீரோடு வரும் சர்ஃபாக்டன்ட் இந்த முறையின் முதல் எதிரி. துளியும் மணியும் சேர, இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் வடிந்து உடைய வேண்டும். சோப்பு மூலக்கூறுகள் துளியின் மேல் அடர்ந்து உட்கார்ந்தால் அந்தப் படலம் உடையாது. போதாததற்கு, அவை மணியின் மேலும் ஏறி உட்கார்ந்து நாம் செய்த மாற்றத்தையே மூடிவிடும். இயந்திரப் பட்டறைகளின் வெட்டுத் திரவம் இதற்குச் சரியான உதாரணம். கலங்காமல் நிற்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மம் அது. அதை முதலில் அமிலமோ ஃபெரிக் உப்போ பாலிமரோ போட்டு உடைத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் ரெசினுக்கு அனுப்ப வேண்டும். நேராக அனுப்பினால் போன மாதிரியே திரும்பி வரும்.

திடப்பொருள் இரண்டாவது. மணிப்படுகை நல்ல வடிகட்டியும்கூட, அதனால் வருகிற துகளை எல்லாம் பிடித்து எண்ணெயோடு சேர்த்துப் பிசினாக்கிக்கொள்ளும். அழுத்த இழப்பு ஏறும். முன்னால் ஒரு வடிகட்டி போட்டு நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருளை லிட்டருக்கு சில மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள். மெழுகு, அஸ்பால்ட்டீன் (தார் போன்ற கனமான பகுதி) உள்ள கச்சா எண்ணெய் என்றால் நீர் குளிரும் இடத்தில் படுகையை வைக்காதீர்கள்.

பென்சீன் வகை எண்ணெய்கள் பாலிஸ்டைரீனை வீங்க வைக்கும். குறுக்குக் கட்டு குறைந்த ஜெல் வகை மணி இதில் அதிகம் வீங்கி, படுகை இறுகி, வீங்கிச் சுருங்கும் சுழற்சியில் வெடித்துப் பொடியாகும். டைவினைல்பென்சீன் அளவு கூடிய நுண்துளை வகை இதைத் தாங்கும்.

சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். வெதுவெதுப்பான நீரும் காற்றும் சேர்த்துக் கிளறிப் பேக்வாஷ் செய்வதே முதல் வழி. எண்ணெய் பூசிய மணி லேசாகிவிடும், காற்றுக் குமிழும் ஒட்டிக்கொண்டால் மிதந்து ஓடும். மேலே வலை இல்லாவிட்டால் ரெசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போய்விடும். சர்ஃபாக்டன்ட் போட்டுக் கழுவினால் மணி பளிச்சென்று ஆகும், ஆனால் மிச்சம் தங்கியது அடுத்த நாள் வரும் எண்ணெயைப் பால்மமாக்கும். பிடிவாதமான கறைக்கு ஆல்கஹால் வகைக் கரைப்பான் உதவும், அயனிப் பிடிப்பில் உள்ள வால் அதில் கழன்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது. நீராவி வேண்டாம். அம்மோனியம் தொகுதி வெப்பத்தில் சிதையும், ஹைட்ராக்சைடு வடிவில் 60 டிகிரி செல்சியஸே எல்லை. குளோரின் கலந்த நீரும் வேண்டாம், அது குறுக்குக் கட்டுகளை அறுக்கும்.

முடிவை எப்படி அளக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஹெக்சேனில் பிரித்தெடுத்து, ஆவியாக்கி, எடை போடும் முறையில் லேசான எண்ணெய் ஆவியோடு போய்விடும், அறிக்கையில் வராது. அகச்சிவப்பு முறை வேறு எண் தரும். ரெசினுக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளங்கள். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள், அதே நீரால் பாட்டிலை அலசாதீர்கள், ஆய்வகத்தில் பாட்டில் முழுவதையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். பாதியை ஊற்றி அளந்தால் வருவது குறைந்த எண்.

வேறு வழிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. வால்நட் (அக்ரூட்) கொட்டை ஓட்டு வடிகட்டி முரட்டு எண்ணெயைத் தாங்கும், தேய்த்துக் கழுவி மறுபடி ஓட்டலாம். நீண்ட வால் அம்மோனியம் ஏற்றிய களிமண் மலிவு, ஆனால் நிறைந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். செயற்படு கரியைத் துளி எண்ணெய்க்கு முன்னால் வைப்பது வீண், துளைகள் வாயிலேயே அடைபடும். ரெசினுக்குப் பின்னால், கரைந்த பகுதிக்கு வைத்தால் நன்றாக உழைக்கும். உங்கள் நிலைமையில் நான் போடும் வரிசை: காற்று மிதப்பு, மணல் வடிகட்டி, ரெசின் தூண், அதன் மேல் எண்ணெய் பிரியும் அறை, தேவைப்பட்டால் கரி.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: வால் பிணைக்கப்பட்டதா, வெறும் அயனிப் பிடிப்பா? உங்கள் உப்பளவில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு வெளிநீரில் அம்மோனியம் சர்ஃபாக்டன்ட் எவ்வளவு வந்தது? நிறக்கோடு உச்சியைத் தொட்ட பிறகு எடுத்த அளவீடு இருக்கிறதா? பழைய ரெசினை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எண்ணெய் ஊறிய ரெசின் எரியக்கூடிய அபாயக் கழிவு. அதை எங்கே அனுப்புவது என்று முடிவாகாமல் ஒரு கிலோ ரெசினைக்கூடத் தூணில் கொட்டாதீர்கள்.